வாக்குச்சீட்டில் இல்லாத கட்சிகள்: ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறை வாக்களிப்பவர் சீட்டை விரித்துப் பார்த்தால் அதில் இருப்பவை பெரும்பாலும் உள்நாட்டுக் கட்சிகள்தாம். ஜெர்மனி என்றால் சிடியு, எஸ்பிடி. அயர்லாந்து என்றால் ஃபீன கேல், ஃபியன்ன ஃபோல். வாக்கு எண்ணிக்கை இரவில் தொலைக்காட்சித் திரையில் வருவதோ வேறு பெயர்கள்: ஐரோப்பிய மக்கள் கட்சி, சோசலிஸ்டுகள், பசுமைக் கட்சியினர், தேசபக்தர்கள். இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, நாம் போட்ட வாக்கு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்ற குழப்பம் பலருக்கும் தேர்தல் முடிந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். நாடு கடந்த கட்சிகளின் வேலை வாக்களிப்புக்கு முன்பு கண்ணுக்கு அதிகம் தெரியாது. பின்பு எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். ஆகவே வாக்களிக்கும் முன்பே அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கடைசி முடிச்சுவரை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

முதல் படி: வாக்குரிமையும் பதிவும்

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, மே அல்லது ஜூன் மாதத்தில், வியாழன் தொடங்கி ஞாயிறு வரை இந்தத் தேர்தல் நடக்கிறது. நேரடித் தேர்தல் தொடங்கியது 1979-இல். கடைசியாக நடந்தது 2024 ஜூன் 6 முதல் 9 வரை. 27 நாடுகள், 720 இடங்கள். அடுத்தது 2029-இல்.

வாக்களிக்க ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமை வேண்டும். வதிவிட அனுமதி போதாது. ஐரோப்பாவில் வாழும் தமிழர் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, பிரிட்டன் 2020-இல் வெளியேறிவிட்டது. அந்நாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு இதில் வாக்கில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று ஜெர்மனியில் வசிப்பவருக்கு உண்டு. அவர் வசிக்கும் நாட்டிலேயே அந்நாட்டு வேட்பாளருக்கு வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். ஆனால் ஒரு நாட்டில் மட்டும்தான். இரட்டைக் குடியுரிமை இருக்கிறதே என்று இரண்டு இடத்திலும் வாக்களிப்பது குற்றம்.

பிற ஒன்றிய நாட்டவர் வசிக்கும் நாட்டில் வாக்களிக்க வேண்டுமானால் தாமாகவே விண்ணப்பித்துப் பட்டியலில் சேர வேண்டும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான், ஏனெனில் கடைசி நாள் நாட்டுக்கு நாடு வேறு. 2024-இல் பெல்ஜியத்தில் அது மார்ச் 31, பிரான்சில் மே மாதத் தொடக்கம், ஜெர்மனியில் மே 19. தேர்தல் பேச்சு சூடுபிடித்த பிறகு போனால் பெல்ஜியத்தில் கதவு மூடியிருக்கும். தேர்தல் ஆண்டின் ஜனவரியிலேயே நகராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. வாக்களிக்கும் வயதும் ஒரே மாதிரி இல்லை: பெரும்பாலான நாடுகளில் 18, கிரேக்கத்தில் 17, ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், மால்டாவில் 16.

இரண்டாம் படி: உங்கள் நாட்டின் கணக்கைத் தெரிந்துகொள்ளுதல்

ஐரோப்பிய விதி சொல்வது சிறிதளவுதான்: விகிதாசார முறையில் தேர்தல் நடக்க வேண்டும், குறைந்தபட்ச வாக்கு வரம்பு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மற்றதெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டம். பிரான்சிலும் போலந்திலும் வரம்பு 5 விழுக்காடு. இத்தாலி, ஆஸ்திரியா, சுவீடனில் 4. ஜெர்மனியில் 2024-இலும் வரம்பே இல்லை. 96 இடங்கள் உள்ள நாட்டில் வரம்பும் இல்லையென்றால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கில்கூட ஓரிடம் கிடைக்கும். சிறு கட்சிக்குப் போடும் வாக்கு வீணாகுமா என்ற கேள்விக்கு ஜெர்மனியில் ஒரு விடை, பிரான்சில் வேறு விடை.

பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயினில் பட்டியல் மூடியது. கட்சியைத்தான் தேர்ந்தெடுக்கலாம், ஆளை அல்ல. நெதர்லாந்திலும் இத்தாலியிலும் பட்டியலுக்குள் விருப்ப வேட்பாளரைக் குறிக்கலாம். அயர்லாந்திலும் மால்டாவிலும் 1, 2, 3 என்று வரிசை எண் போடும் முறை. மூடிய பட்டியல் உள்ள நாட்டில் பத்தாவது, இருபதாவது பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். போன முறை கட்சிக்கு எத்தனை இடம் கிடைத்தது என்று பார்த்து, அந்த எண் வரையுள்ள பெயர்களை மட்டும் ஆராயுங்கள்.

மூன்றாம் படி: உள்நாட்டுக் கட்சி எந்த ஐரோப்பியக் கட்சியில் இருக்கிறது?

ஐரோப்பியக் கட்சி என்பது நாட்டுக் கட்சிகள் பல சேர்ந்து அமைத்த கட்சி. ஐரோப்பிய மக்கள் கட்சி 1976-இல் உருவானது, மைய-வலதுசாரிகளின் வீடு. ஐரோப்பிய சோசலிஸ்டுகள் கட்சி 1992-இல் இன்றைய வடிவம் பெற்றது. தாராளவாதிகளுக்கு ஆல்டே கட்சி. ஐரோப்பியப் பசுமைக் கட்சியும் ஐரோப்பிய இடதுசாரிக் கட்சியும் 2004-இல் ரோமில் தொடங்கப்பட்டவை. இவை போக, ஐரோப்பியப் பழமைவாதிகள்-சீர்திருத்தவாதிகள், தேசபக்தர்கள், மாநில உரிமைக் கட்சிகளின் ஐரோப்பிய சுதந்திரக் கூட்டணி எனச் சில உள்ளன.

உங்கள் கட்சி எதில் உறுப்பினர் என்று பார்க்க நம்பகமான இடம், ஐரோப்பிய அரசியல் கட்சிகளுக்கான ஆணையத்தின் பொதுப் பதிவேடு. ஒவ்வொரு கட்சியின் அமைப்பு விதி, உறுப்புக் கட்சிகளின் பட்டியல், நன்கொடை விவரம் எல்லாம் அந்தத் தளத்தில் உண்டு. நாட்டுக் கட்சியின் சொந்தத் தளத்தில் தேடினால் பல நேரம் அடிக்குறிப்பில் ஒரு சின்ன முத்திரைதான் அகப்படும். சில கட்சிகள் அதையும் போடுவதில்லை. வாக்காளர் கேட்க வேண்டிய முதல் தகவலையே மறைத்து வைப்பது சரியான வழக்கம் இல்லை.

தேடும்போது இரண்டு விஷயங்கள் குழப்பும். ஒன்று, ஒரே நாட்டின் இரு போட்டிக் கட்சிகள் ஒரே ஐரோப்பியக் கட்சியில் இருக்கலாம். நெதர்லாந்தில் விவிடி, டி66 இரண்டும் ஆல்டேயில்தான். இரண்டு, உள்நாட்டு ஆட்சியில் தோளோடு தோள் நிற்பவை ஐரோப்பாவில் வெவ்வேறு முகாமில் இருக்கலாம். இதற்கு நல்ல பாடம் இத்தாலி. பிரதமர் மெலோனி அரசின் மூன்று பெரிய கட்சிகளில் ஃபிராட்டெல்லி டி இத்தாலியா பழமைவாதிகள் பக்கம், ஃபோர்சா இத்தாலியா ஐரோப்பிய மக்கள் கட்சியில், லேகா தேசபக்தர்களோடு. ரோமில் ஒரே கூட்டணிக்கு வாக்களித்துப் பழகியவரின் வாக்கு பிரஸ்ஸல்ஸில் மூன்று திசையில் பிரிந்து போகிறது.

நான்காம் படி: கட்சி வேறு, நாடாளுமன்றக் குழு வேறு

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ஐரோப்பியக் கட்சி நாடாளுமன்றத்துக்கு வெளியே இருக்கும் அமைப்பு: மாநாடு கூட்டும், அறிக்கை எழுதும், முதன்மை வேட்பாளரை அறிவிக்கும். குழு என்பது வெற்றி பெற்ற உறுப்பினர்கள் அவைக்குள் அமைப்பது. குறைந்தது 23 உறுப்பினர், குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து வர வேண்டும். பேச்சு நேரம், பணியாளர்கள், பணம், நிலைக்குழுத் தலைமைப் பதவிகள், எந்தச் சட்டத்துக்கு யார் அறிக்கையாளர் (அதாவது அந்தச் சட்டத்தை அவையில் வழிநடத்தும் உறுப்பினர்) என்பது, எல்லாமே பெரும்பாலும் குழுவின் அளவை வைத்துத்தான் பங்கிடப்படுகின்றன. குழுவில் சேராத உறுப்பினர் இருக்கையில் இருப்பார், கையில் கருவி எதுவும் இராது.

ஒரு குழுவுக்குள் பல கட்சிகள் இருக்கலாம். தாராளவாதிகளின் ரினியூ குழுவில் ஆல்டேயும் ஐரோப்பிய ஜனநாயகக் கட்சியும் சேர்ந்திருக்கின்றன. பசுமைக் குழுவில் பசுமைக் கட்சியோடு ஐரோப்பிய சுதந்திரக் கூட்டணியும் உண்டு. கட்சியில் சேராமல் குழுவில் மட்டும் இருப்பவர்களும் உண்டு: அயர்லாந்தின் ஷின் ஃபெய்ன் இடதுசாரிக் குழுவில் அமர்கிறது, ஐரோப்பிய இடதுசாரிக் கட்சியில் உறுப்பினர் இல்லை.

2024 தேர்தலுக்குப் பின் அவை கூடியபோது மக்கள் கட்சிக் குழுவில் 188 பேர், சோசலிஸ்ட்-ஜனநாயகர் குழுவில் 136, தேசபக்தர்கள் 84, பழமைவாதிகள் 78, ரினியூ 77, பசுமைக் குழு 53, இடதுசாரி 46, இறையாண்மை நாடுகளின் ஐரோப்பா 25. கடைசியில் சொன்ன குழுவும் தேசபக்தர்கள் குழுவும் தேர்தல் நாளில் இருக்கவே இல்லை. இரண்டும் 2024 ஜூலையில் பிறந்தவை. ஜெர்மனியின் ஏஎஃப்டி வாக்களிப்புக்கு இரண்டு வாரம் முன்பு, மே 23 அன்று, அப்போதிருந்த அடையாளம்-ஜனநாயகம் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டது. அதற்கு வாக்களித்தவர்கள் தம் உறுப்பினர் எந்தக் குழுவில் அமர்வார் என்று தெரியாமலேயே வாக்களித்தார்கள். அங்கேரியின் ஃபிடெஸ் 2021 மார்ச்சில் மக்கள் கட்சியிலிருந்து விலகிச் சில ஆண்டுகள் எந்தக் குழுவும் இல்லாமல் இருந்து, பிறகு தேசபக்தர்களைக் கூட்டியது. ஸ்லோவாக்கியாவின் ஸ்மெர் கட்சியை 2023 அக்டோபரில் சோசலிஸ்டுகள் இடைநீக்கம் செய்தார்கள்.

இதிலிருந்து செயல்முறை ஒன்றே: "உங்கள் கட்சி எந்தக் குழுவில் அமரும்?" என்று வேட்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். "தேர்தலுக்குப் பின் முடிவு செய்வோம்" என்று பதில் வந்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தேர்தல் அறிக்கையைப் படிக்கும் முறை

ஐரோப்பியக் கட்சிகள் பொது அறிக்கை வெளியிடுகின்றன. 2024-இல் பசுமைக் கட்சி பிப்ரவரியில் லியோனிலும், சோசலிஸ்டுகள் மார்ச்சில் ரோமிலும், மக்கள் கட்சி மார்ச்சில் புக்கரெஸ்டிலும் கூடித் தத்தம் அறிக்கையை ஏற்றன. இருபதுக்கும் மேற்பட்ட நாட்டுக் கட்சிகள் ஒப்புக்கொள்ள வேண்டிய ஆவணம் என்பதால் வழுக்கலான சொற்கள் நிறைய இருக்கும். பக்கத்தில் உங்கள் நாட்டுக் கட்சியின் அறிக்கையையும் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளோடு படியுங்கள்.

வாக்குறுதியை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம்? நாடாளுமன்றத்தால் சட்ட முன்வரைவைத் தானே கொண்டுவர முடியாது. அதை முன்வைப்பது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம். வரி சார்ந்த சட்டம் என்றால் உறுப்பு நாட்டு அரசுகள் அனைத்தும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். ஆக, "வரி கொண்டுவருவோம்" என்ற வரியைவிட, "இந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவை எதிர்ப்போம்" என்ற வரிக்கு நாடாளுமன்றத் தேர்தலில் எடை கூடுதல்.

இரண்டு அறிக்கைகளும் எங்கே முரண்படுகின்றன? அணுமின்சாரம், குடியேற்றம், விவசாய மானியம் என்ற மூன்று தலைப்பில் மட்டும் ஒப்பிட்டாலே போதுமான அளவு பிடிபடும். நாட்டுக் கட்சி ஐரோப்பிய அறிக்கையில் கையெழுத்திடாமல் ஒதுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

போன முறை எப்படி வாக்களித்தார்கள்? சட்டங்களின் மீதான இறுதி வாக்கெடுப்பு பெயர் பதிந்து நடக்கிறது. யார் ஆம், யார் இல்லை என்பது நாடாளுமன்றத் தளத்தில் கிடைக்கும். பயிற்சிக்கு, சீரழிந்த இயற்கை வாழிடங்களை மீட்பதற்கான இயற்கை மீட்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை 12 அன்று அதை நிராகரிக்கும் தீர்மானம் 312-க்கு 324 என்று தோற்றது. மக்கள் கட்சிக் குழுவின் தலைமை சட்டத்தை எதிர்த்தது. அந்தக் குழுவிலேயே சிலர் தலைமையை மீறிச் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். 2024 பிப்ரவரி 27-இல் 329-க்கு 275 என்று அது நிறைவேறியது. உங்கள் நாட்டு உறுப்பினர்கள் அன்று எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். குழுவின் பெயர் சொல்லாத பலவற்றை அந்தப் பட்டியல் சொல்லும்.

ஆறாம் படி: முதன்மை வேட்பாளர்

ஜெர்மன் மொழியில் 'ஸ்பிட்சன்கண்டிடாட்' என்பார்கள். ஒவ்வொரு ஐரோப்பியக் கட்சியும் "நாங்கள் வென்றால் ஆணையத் தலைவர் இவர்" என்று ஒருவரை அறிவிக்கும் வழக்கம் 2014-இல் தொடங்கியது. இதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. தேர்தல் முடிவைக் கருத்தில் கொண்டு நாட்டுத் தலைவர்களின் பேரவை ஒருவரை முன்மொழிய வேண்டும், நாடாளுமன்றம் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையால் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது. அந்தக் "கருத்தில் கொண்டு" என்ற சொல்லைப் பிடித்து இழுத்துத்தான் கட்சிகள் இந்த வழக்கத்தைக் கட்டியெழுப்பின.

2014-இல் மக்கள் கட்சியின் யுங்கர், பிரிட்டனும் அங்கேரியும் எதிர்த்தும், ஆணையத் தலைவரானார். 2019-இல் அதே கட்சியின் வேட்பாளர் மான்ஃபிரெட் வேபர் ஒதுக்கப்பட்டு, பிரச்சாரத்தில் பெயரே அடிபடாத ஊர்சுலா ஃபொன் டெர் லையன் முன்மொழியப்பட்டு 383 வாக்குகளில் வென்றார். 2024-இல் அவரே முதன்மை வேட்பாளராக நின்று, ஜூலை 18 அன்று 401 வாக்குகள் பெற்றார், தேவைப்பட்டது 360. சோசலிஸ்டுகளுக்கு நிக்கோலா ஷ்மித், பசுமைக் கட்சிக்கு டெர்ரி ரைன்ட்கேயும் பாஸ் ஐக்ஹவுட்டும், இடதுசாரிக்கு வால்ட்டர் பையர்.

முதன்மை வேட்பாளர் உங்கள் சீட்டில் இருக்க வேண்டியதில்லை. ஃபொன் டெர் லையன் 2024-இல் எந்த நாட்டுப் பட்டியலிலும் நிற்கவில்லை. அவரை விரும்பியவரும் வெறுத்தவரும் தத்தம் நாட்டுக் கட்சி வழியாகத்தான் அதைக் காட்ட முடிந்தது. எல்லாக் கட்சிகளும் இந்த விளையாட்டுக்கு வருவதுமில்லை.

உண்மையான பேரம் எங்கே நடக்கிறது என்பதை 2024 ஜூன் தெளிவாகக் காட்டியது. மூன்று கட்சிக் குடும்பங்களின் சார்பில் ஆறு தலைவர்கள் பேசினார்கள்: மக்கள் கட்சிக்கு போலந்தின் டஸ்க்கும் கிரேக்கத்தின் மிட்சோட்டாக்கிஸும், சோசலிஸ்டுகளுக்கு ஸ்பெயினின் சான்செஸும் ஜெர்மனியின் ஷோல்ஸும், தாராளவாதிகளுக்கு பிரான்சின் மக்ரோனும் நெதர்லாந்தின் ரூட்டேயும். ஆணையத் தலைவர் ஃபொன் டெர் லையன், பேரவைத் தலைவர் கோஸ்டா, வெளியுறவுப் பொறுப்பு கல்லாஸ் என்று குடும்பத்துக்கு ஒன்றாகப் பதவிகள் பிரிந்தன. ஜூன் 27 அன்று பேரவை அதற்கு முத்திரை குத்தியது. நாடு கடந்த கட்சிகள் வெறும் பெயர்ப்பலகை என்று நினைப்பவர் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்தால் போதும்.

பணம்

கீழ்வரும் எண்களும் விதிகளும் 2024 தேர்தலின்போது நடைமுறையில் இருந்தவை; 2029-க்கு முன் புதிய விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்சியாகப் பதிவு பெற, குறைந்தது ஏழு நாடுகளில் உறுப்புக் கட்சிகளுக்கு ஐரோப்பிய, தேசிய அல்லது பிராந்திய அவையில் பிரதிநிதி இருக்க வேண்டும். அல்லது ஏழு நாடுகளில் கடந்த ஐரோப்பியத் தேர்தலில் தலா 3 விழுக்காடு வாக்கு பெற்றிருக்க வேண்டும். பொது நிதியில் 10 விழுக்காடு எல்லாக் கட்சிகளுக்கும் சமமாகவும், 90 விழுக்காடு உறுப்பினர் எண்ணிக்கைப்படியும் பிரிக்கப்படும். ஒருவரிடம் ஆண்டுக்கு 18,000 யூரோவுக்கு மேல் நன்கொடை வாங்கக் கூடாது. பெயர் சொல்லாத நன்கொடைக்குத் தடை.

மிக முக்கியமான விதி: இந்தப் பணத்தை ஐரோப்பியத் தேர்தல் பிரச்சாரத்துக்குச் செலவிடலாம், நாட்டுக் கட்சிக்கோ அதன் வேட்பாளருக்கோ கொடுக்கக் கூடாது, பொதுவாக்கெடுப்புக்கும் செலவிடக் கூடாது. பிரிட்டனின் யுகிப் கட்சி முதன்மையாக இருந்த ஓர் ஐரோப்பியக் கட்சி, பிரிட்டிஷ் தொகுதிகளில் கருத்துக்கணிப்பு நடத்த இந்த நிதியைச் செலவழித்ததாக 2016-இல் நாடாளுமன்றம் முடிவு செய்து செலவை ஏற்க மறுத்தது. ஓராண்டுக்குள் அந்தக் கட்சியே இல்லாமல் போனது. எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இது போதும். ஐரோப்பியக் கட்சி அச்சிட்ட துண்டறிக்கையில் உள்ளூர் வேட்பாளர் படம் பெரிதாக வந்துவிட்டால் கணக்குத் தணிக்கையில் கேள்வி எழும்.

எல்லா நாட்டிலும் ஒரே கட்சியாக நிற்க முடியுமா?

முயன்றவர்கள் இருக்கிறார்கள். 2017-இல் தொடங்கப்பட்ட வோல்ட், ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே அறிக்கையோடு பல நாடுகளில் நிற்கிறது. ஆனால் ஐரோப்பிய அளவில் ஒரே கட்சியாக வேட்புமனு தாக்கல் செய்யச் சட்டத்தில் வழி இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் தனிக் கட்சி பதிவு செய்து, அந்தந்த நாட்டு வாசலைத் தனித்தனியே தாண்ட வேண்டும். ஜெர்மனியில் புதிய கட்சி நாடு தழுவிய பட்டியல் போட 4,000 ஆதரவுக் கையெழுத்து வேண்டும். இத்தாலியில் 2019-இல் கேட்டது 1,50,000 கையெழுத்து. பிரான்சில் கையெழுத்து வேண்டாம், வாக்குச்சீட்டைக் கட்சியே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். 3 விழுக்காடு வாக்கு எடுத்தால்தான் அந்தச் செலவு திரும்பக் கிடைக்கும். ஒரே அறிக்கையை எழுதுவதைவிட இந்த இருபத்தேழு வாசல்களைத் தாண்டுவதுதான் கடினம்.

2019-இல் வோல்ட் எட்டு நாடுகளில் நின்று ஓரிடம் பெற்றது. அது வரம்பில்லாத ஜெர்மனியில், 0.7 விழுக்காடு வாக்கில். 2024-இல் ஜெர்மனியில் மூன்று, நெதர்லாந்தில் இரண்டு, ஆக ஐந்து. இரண்டு முறையும் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்தபின் பசுமைக் குழுவில் அமர்ந்தார்கள். புதுக் கட்சி தொடங்க நினைப்பவர் இந்த வரிசையிலிருந்து கற்கலாம்: முதலில் வரம்பில்லாத, இடங்கள் நிறைந்த நாட்டில் ஊன்றுங்கள், கையெழுத்து வேலையைத் தேர்தலுக்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள், நிராகரிக்கப்படும் கையெழுத்துகளுக்காகத் தேவைக்கு மேலேயே சேகரியுங்கள்.

சட்டத்தையே மாற்றும் முயற்சியும் உண்டு. 2022 மே 3 அன்று நாடாளுமன்றம் 323-க்கு 262 என்ற வாக்கில் ஒரு முன்மொழிவை ஏற்றது: ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு, ஒன்று நாட்டுப் பட்டியலுக்கு, மற்றொன்று ஒன்றியம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு 28 உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்கு. அரசுகளின் ஒருமனதும் பிறகு நாடுகளின் ஏற்பும் தேவை என்பதால் 2024 தேர்தலுக்கு அது வரவில்லை. ஐரோப்பியக் கட்சியின் பெயரையும் சின்னத்தையும் வாக்குச்சீட்டில் அச்சிட வகைசெய்யும் 2018-ஆம் ஆண்டு முடிவுகூட 2024 வரை நடைமுறைக்கு வரவில்லை. சீட்டில் ஒரு சின்னம் அச்சிடுவதற்கு இத்தனை ஆண்டு இழுப்பது வாக்காளருக்குச் செய்யும் அநீதி.

வாக்களித்த பிறகு ஆறு வாரம்

முடிவுகள் ஞாயிறு இரவு 11 மணிக்கு, கடைசிச் சாவடி மூடிய பின்பு வரத் தொடங்கும். அதோடு தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். அடுத்த வாரங்களில் குழுக்கள் அமையும், கட்சிகள் இடம் மாறும், தலைவர்களின் பேரவை பெயரை முன்மொழியும், ஜூலையில் நாடாளுமன்றம் ஆணையத் தலைவருக்கு வாக்களிக்கும். உங்கள் உறுப்பினர் எந்தக் குழுவில் சேர்ந்தார், எந்த நிலைக்குழுவில் இடம் பெற்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐந்தாண்டு அவரை விசாரிக்க இதுவே முகவரி.

ஒன்றை மட்டும் பின்னால் சரிபார்க்க முடியாது. ஆணையத் தலைவருக்கான வாக்கெடுப்பு ரகசியமானது. அந்த 401 பேர் யார் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. எனவே "யாரை ஆணையத் தலைவராக ஆதரிப்பீர்கள், எந்த நிபந்தனையில்?" என்பதை வேட்பாளரிடம் மே மாதத்திலேயே, கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுப் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.